ஜப்பானுக்குப் போனால் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பாருங்கள்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். எவர்சில்வர் குடம், குத்துவிளக்கு, இட்லிச் சட்டி, பொங்கல் பானை, சீர்த் தட்டு எல்லாம் உண்டு. இப்போதெல்லாம் நம்ம ஊர்ப் பிள்ளைகள் வேலைக்குப் போய்க் கையில் கொஞ்சம் சேர்ந்ததும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஜப்பானுக்குப் போகிறார்கள். புறப்படுவதற்கு முன் கடைக்கு வந்து, “அக்கா, நீங்க போயிட்டு வந்தவங்க, அங்க என்ன வாங்கலாம்னு சொல்லுங்க” என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று சொல்லக் கடையில் நேரம் கிடைப்பதில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். கிமோனோ போட்டுப் படம், டீச் சடங்கு, மண்பாண்டம், கத்தி, விசிறி, பொம்மை என்று ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு ஓடி வராதீர்கள். ஒரு கைத்தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்கிற ஊருக்குப் போய், செய்கிறவர் கையைப் பாருங்கள். பார்த்த பிறகு, வீட்டில் அன்றாடம் புழங்கக்கூடிய ஒரு பொருளை வாங்குங்கள். கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்கிற பொருளைவிட, தினமும் அடுப்படியில் கைக்கு வருகிற பொருளுக்குக் காசு கொடுப்பதுதான் செய்தவருக்கு மரியாதை.

எந்தத் தொழிலை எடுப்பது என்று குழப்பமா? உங்கள் குடும்பத்தில் யாராவது செய்த வேலைக்குப் பக்கத்தில் இருப்பதைத் தேடுங்கள். தையல்காரர் வீட்டுப் பிள்ளையென்றால் கியோட்டோவில் நிஷிஜின் பட்டு நெசவு. ஆசாரி வீட்டுப் பிள்ளையென்றால் ஷின்-கோபே ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே தாக்கேனாக்கா தச்சுக் கருவிக் காட்சியகம் இருக்கிறது. ஆணி இல்லாமல் மரத்தோடு மரத்தைப் பூட்டும் வேலையை அங்கே கையால் தொட்டுப் பார்க்கலாம். நான் தேடிப் போனது உருஷி. ஜப்பானியக் கிண்ணங்களில் கறுப்பாகவும் சிவப்பாகவும் மினுங்குகிறதே, அந்தப் பூச்சுதான்.

காரணம் இருக்கிறது. என் அம்மா தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், நிரை பிடித்து, மரம் சீவி, மரத்தில் கட்டிய மங்குகளில் (கோப்பைகளில்) விழுந்த பாலைக் காண்டா வாளியில் சேர்த்து ஸ்டோருக்குத் தூக்கி வந்தவர். 1877இல் நட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிற கோலகங்சார் எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான். இந்த வட்டாரத்தில் பிறந்தவளுக்கு, ஜப்பானிலும் ஒரு மரத்தைக் கீறிப் பால் எடுத்து, அதைத்தான் கிண்ணத்தில் பூசுகிறார்கள் என்று தெரிந்தால் போய்ப் பார்க்காமல் இருக்க முடியுமா?

பால் எடுக்கிற இடம்

ஜப்பானில் புழங்கும் உருஷியில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. உள்நாட்டில் எடுப்பது சொற்பம். அந்தச் சொற்பத்திலும் பெரும்பங்கு இவாத்தே மாநிலத்தின் வடக்கு ஓரத்தில் உள்ள நினோஹே நகரத்தின் ஜோபோஜி பகுதியில் கிடைக்கிறது. பழைய கோயில்களையும் தேசியப் பொக்கிஷங்களையும் பழுதுபார்க்க உள்நாட்டு உருஷியைத்தான் பூச வேண்டும் என்று அந்த நாட்டுக் கலாசாரத் துறை வைத்திருப்பதால் இந்தப் பாலுக்கு அவ்வளவு மதிப்பு. மரக் கட்டடங்களைக் காக்கும் ஜப்பானியத் தொழில்திறன்களை 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது உருஷிப் பால் எடுப்பதும் அதற்குள் இருந்தது.

டோக்கியோவிலிருந்து தோஹோகு ஷின்கான்சென் அதிவேக ரயில் பிடித்தால் மூன்று மணி நேரத்துக்குள் நினோஹே. அங்கிருந்து ஜோபோஜிக்குப் பஸ் உண்டு, ஆனால் அடிக்கடி கிடையாது. திரும்பி வரும் பஸ்ஸின் நேரத்தையும் முதலிலேயே குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஜூனில் தொடங்கி அக்டோபர் வரைக்கும் பால் எடுப்பார்கள். கோடை நடுவில் எடுக்கும் பாலைத்தான் முதல்தரம் என்கிறார்கள். மரங்கள் பிறருடைய நிலத்தில் நிற்பவை. நாமாக உள்ளே நுழையக் கூடாது. நாங்கள் ஊர்ச் சுற்றுலா அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு ஏற்பாடு செய்துகொண்டு ஆகஸ்டில் போனோம்.

பால் எடுப்பவர் என் அண்ணன் வயதுக்காரர். மரத்தடிக்கு வந்ததும் வளைந்த கத்தியால் மேல்பட்டையின் சொரசொரப்பைச் சீவி எடுத்தார். பிறகு வேறொரு கருவி. அதன் ஒரு முனை மடங்கியிருக்கிறது, இன்னொன்று கூராக இருக்கிறது. மடங்கிய முனையால் படுக்கைவாக்கில் ஒரே இழுப்பு. பட்டையில் சின்ன வாய்க்கால் விழுந்தது. கூர்முனையால் அதே வாய்க்காலுக்குள் மெல்லிசாக இன்னொரு கோடு. உடனே பால் துளிர்த்தது. நம்ம ரப்பர்ப் பாலின் அதே வெள்ளை. ஆனால் அது ஓடவில்லை, சொட்டவும் இல்லை. கீறலிலேயே கோத்துக்கொண்டு நின்றது. அதை இரும்புத் தகட்டால் வழித்து, மரப்பட்டையில் செய்த குவளையின் விளிம்பில் தேய்த்து இறக்கினார். மங்குக் கோப்பையைக் கட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போகிற வசதி இங்கே இல்லை. ஒவ்வொரு துளியையும் நின்று வழிக்க வேண்டும். காற்றுப் பட்ட பால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பாக மாறத் தொடங்கியது.

பருவத்தின் முதல் கீறல் இரண்டு விரல் அகலம்கூட இருக்காது. ஒரு மரத்துக்கு நாலு நாளைக்கு ஒரு தடவைதான் வருவார்கள். ஒவ்வொரு தடவையும் போன கீறலுக்கு மேலே கொஞ்சம் நீளமாக ஒன்று. பருவம் முடியும்போது பட்டையில் தலைகீழ் முக்கோணமாகக் கோடுகள் அடுக்கியிருக்கும். நான் எடுத்து வந்த படத்தை அம்மாவிடம் காட்டியபோது அவர் முதலில் பார்த்தது கீறலின் ஆழத்தைத்தான். “மரத்துக்குக் காயம் படல. நல்ல கை” என்றார்.

கணக்கைக் கேளுங்கள். நம்ம மரம் ஐந்தாறு வருஷத்தில் சீவத் தயாராகும். அதன் பிறகு இருபத்தைந்து, முப்பது வருஷம் பால் கொடுக்கும். உருஷி மரத்தைப் பத்துப் பதினைந்து வருஷம் வளர்த்து, ஒரே பருவத்தில் பாலை எடுத்துவிட்டு வெட்டிவிடுகிறார்கள். வெட்டிய அடியிலிருந்து துளிர் கிளம்பி அடுத்த மரமாகும். அந்த ஒரு பருவத்தில் ஒரு மரம் தருவது சுமார் 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர். இதைத் தெரிந்துகொண்ட பிறகு கிண்ணத்தின் விலை எனக்கு அதிகமாகத் தோன்றவில்லை.

ஒரு எச்சரிக்கை. பச்சை உருஷி தோலில் பட்டால் அரிப்பும் கொப்புளமும் கிளம்பும். மா, முந்திரி, நம்ம காட்டு ரெங்காஸ் எல்லாம் இதே குடும்பத்து மரங்கள்தான். ரெங்காஸ் பால் பட்டு முகம் வீங்கிய கதை தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். மாங்காய்ப் பால் பட்டால் வாய் புண்ணாகிறவர்கள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு எட்டவே நில்லுங்கள். கிண்ணத்தில் பூசி நன்றாக இறுகிய உருஷி ஒன்றும் செய்யாது.

உருஷி இறுகுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயிண்ட் காற்றில் உலரும். உருஷிக்கு ஈரம் வேண்டும். அதிலுள்ள லாக்கேஸ் என்ற நொதி காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு பூச்சை இறுக்குகிறது. அதற்குச் சுற்றிலும் 70, 80 சதவீத ஈரப்பதம் இருக்க வேண்டும். அதனால் பூசிய கிண்ணங்களை ஈரமூட்டிய மர அலமாரிக்குள் அடைத்து வைக்கிறார்கள். எங்கள் பேராக் காற்றில் என்ன ஈரம் உண்டோ, ஏறக்குறைய அதையே அலமாரிக்குள் வரவழைக்கிறார்கள். இதனால் நமக்கு ஒரு நல்ல சேதி: உருஷிப் பாத்திரத்துக்கு ஆகாதது வறட்சிதான். நம்ம வீட்டு அடுப்படி அதற்குத் தோதான இடம்.

ஜோபோஜியில் தெக்கிசெய்ஷா என்ற பட்டறையும் கடையும் ஒன்றாக இருக்கின்றன. அந்த வட்டாரத்துப் பாலைப் பூசிய கிண்ணங்கள் அங்கே கிடைக்கும். பூவேலை எதுவும் இருக்காது. சிவப்பு, கறுப்பு, அடர் பழுப்பு, அவ்வளவுதான். வாங்கும்போது மங்கலாக இருக்கும். புழங்கப் புழங்கப் பளபளப்பு ஏறும். என்னைக் கேட்டால் தங்கக் கோலம் போட்ட கிண்ணத்தைவிட இதுவே அழகு. பக்கத்திலேயே தெந்தாய்ஜி என்ற பழைய கோயிலும் இருக்கிறது. 728இல் எழுந்தது என்று சொல்கிறார்கள். இந்த ஊர்க் கிண்ணத் தொழிலே அந்தக் கோயில் துறவிகளிடமிருந்து தொடங்கியது என்பது வழக்கு.

கடையில் நிற்கும்போது

அவ்வளவு வடக்கே போக முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். டோக்கியோவில் அயோயாமா-இச்சோமே ஸ்டேஷனுக்கு அருகில் அயோயாமா ஸ்குவேர் என்ற கடை இருக்கிறது. அரசு முத்திரை பெற்ற மரபுக் கைவினைகளுக்காகவே நடத்தப்படுவது. 1974ஆம் வருஷத்துச் சட்டப்படி அந்த முத்திரை கிடைக்க, தொழில்நுட்பம் நூறு வருஷத்துக்குக் குறையாமல் வழங்கி வந்திருக்க வேண்டும், முக்கிய வேலை கையால் நடக்க வேண்டும், அன்றாடம் புழங்கும் பொருளாகவும் இருக்க வேண்டும். நாடு முழுக்க 240க்கு மேற்பட்ட கைவினைகள் அதைப் பெற்றிருக்கின்றன. முதல் நாளே அங்கே போய்விடுங்கள். வாங்க வேண்டாம், கண் பழகட்டும்.

இனி, வாங்கும் முறை. மோதிரத்தைக் கழற்றிப் பையில் போடுங்கள். வளையலை மேலே தள்ளிவிடுங்கள். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு இரண்டு கையாலும் எடுங்கள். எடுத்ததும் கவிழ்த்துங்கள். என் கடைக்குச் சரக்கு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது அடியைத்தான்; மேல்பக்கத்தை எல்லோரும் பளபளவென்று ஆக்கிவிடுவார்கள். கிண்ணத்தின் கால்வளையத்துக்கு உள்பக்கமும் வெளிப்பக்கத்தைப் போலவே சுத்தமாகப் பூசியிருக்கிறதா? வளையமும் உடலும் சேரும் மூலையில் பூச்சு திரண்டு நிற்காமல் இருக்கிறதா? அப்புறம் விளிம்பை விளக்குக்கு நேரே பிடித்து மெல்லச் சுற்றுங்கள். வெளிச்சக் கோடு உடையாமல் ஓட வேண்டும். கனத்தையும் பாருங்கள்: அசல் மரக் கிண்ணம், இவ்வளவுதானா என்று தோன்றும் அளவுக்கு லேசாக இருக்கும்.

அடுத்து, சீட்டு. பெரும்பாலான கிண்ணங்களோடு சிறு சீட்டு ஒன்று வரும். ஃபோனின் மொழிபெயர்ப்புக் கேமராவை அதன்மேல் பிடியுங்கள். இரண்டு வரிகள் முக்கியம். ஒன்று, உள்ளே என்ன இருக்கிறது என்பது. ‘தென்னென்போகு’ என்று மட்டும் இருந்தால் முழு மரம். அதோடு ‘காகோஹின்’ சேர்ந்தால் மரத்தூளைப் பிசினோடு கலந்து அச்சில் அழுத்தியது. ‘கோசெய் ஜுஷி’ என்றால் பிளாஸ்டிக். இன்னொன்று, மேலே பூசியது. உருஷியா, உரெத்தானா, காஷூவா என்று போட்டிருக்கும். உரெத்தான் செயற்கைப் பூச்சு. காஷூ என்பது முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயிலிருந்து செய்கிற பூச்சு. உரெத்தானும் காஷூவும் கெட்டவை இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கொடுக்க அவையே போதும். ஆனால் உருஷி விலை கொடுத்து அவற்றை வாங்கக் கூடாது.

சூப் கிண்ணம் ஒன்று ஐந்தாயிரம் யென்னுக்குக் கீழே இருந்தால் சீட்டை இரண்டு தரம் படியுங்கள். முழு மரம், முழு உருஷி என்றால் பத்தாயிரம் யென்னுக்கு மேலே போவது சகஜம். ஆறு பேருக்கு ஆறு கிண்ணம் வாங்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று போதும். கடையில் பேரம் பேசாதீர்கள். நம்ம பசார் மாலாம் (இரவுச் சந்தை) பழக்கம் அங்கே அவர்களைச் சங்கடப்படுத்தும்.

நோத்தோ தீபகற்பத்து வாஜிமா ஊரின் கிண்ணங்கள் உறுதிக்குப் பேர் போனவை. விளிம்பிலும் அடியிலும் துணி ஒட்டி, சுட்ட மண்பொடியை உருஷியில் குழைத்து அடிப்பூச்சு கொடுத்து, நூறு படிகளுக்கு மேல் கடந்து வருபவை. 2024 ஜனவரி 1ஆம் தேதி வந்த நிலநடுக்கம் அந்த ஊரைச் சிதைத்துவிட்டது. பேர் பெற்ற காலைச் சந்தைத் தெருவும் தீயில் போனது. பட்டறை இழந்தவர்கள் வேறு ஊர்களில் கடை போட்டு விற்று வந்திருக்கிறார்கள். கனாசாவா பக்கம் போகிறவர்கள் வாஜிமாக்காரர் கடை எங்கே என்று விசாரித்து அவர்களிடமே வாங்குங்கள். இதை நான் கேட்டுக்கொள்கிறேன். நாகானோ பக்கம் போனால் நராயும் கிசோ-ஹிராசவாவும் அடுத்தடுத்த ரயில் நிறுத்தங்கள். பழைய மர வீடுகளுக்கு நடுவே உருஷிக் கடைகள்.

வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்வது? புதுக் கிண்ணத்தில் ஒரு வாடை இருக்கும். சில நாள் அரிசி டின்னுக்குள் வைத்தால் போய்விடும், ஜப்பானிய வீடுகளில் செய்கிற வைத்தியம் இது. அப்புறம் அதில் ரசம் ஊற்றிக் குடியுங்கள். எவர்சில்வர் டம்ளரைத் துண்டால் பிடிக்க வேண்டியிருக்கும். இந்தக் கிண்ணத்தைச் சும்மா உள்ளங்கையில் ஏந்தலாம், சூடு கைக்கு வராது, ரசமும் சீக்கிரம் ஆறாது. புளிக்கும் உருஷிக்கும் பகையில்லை. கஞ்சிக்கும் மோருக்கும் இதுவே. ஆனால் கொதிக்கக் கொதிக்க அடுப்பிலிருந்து நேரே ஊற்றாதீர்கள். மைக்ரோவேவ், பாத்திரம் கழுவும் மெஷின், கம்பி நார், வெயிலில் கவிழ்த்துக் காயவைப்பது நாலும் கூடாது. மெத்தென்ற ஸ்பாஞ்சால் கழுவி, உடனே துணியால் துடைத்துவிட்டால் போதும். தண்ணீரில் ஊறப் போடாதீர்கள்.

கின்ட்சுகி வகுப்புக்கும் நிறையப் பேர் ஆசைப்படுகிறார்கள். உடைந்த பீங்கானை உருஷியால் ஒட்டி, கோட்டின்மேல் பொன்பொடி தூவுகிற வேலை. அசல் முறையில் ஒவ்வொரு கட்டமும் இறுகக் காத்திருக்க வேண்டும். வாரங்கள் பிடிக்கும், மாதங்களும் ஆகலாம். இரண்டு மணி நேரத்தில் முடித்துக் கையில் கொடுக்கிறார்கள் என்றால் ஒட்டியது எபாக்ஸி என்ற செயற்கைப் பசை. கற்றுக்கொள்ள அது நல்ல வகுப்புதான், ஆனால் அந்தத் தட்டில் சாப்பிடலாமா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கத்தி வாங்குகிறவர்களுக்கு

கிண்ணத்துக்கு அடுத்தபடி நான் மனசாரச் சொல்வது கத்தி. ஒசாகாவில் இறங்குகிறவர்களுக்குச் சகாய் பக்கத்து ஊர். தென்னோஜியிலிருந்து ஹான்காய் டிராம் பிடித்து மியோகோகுஜி நிறுத்தத்தில் இறங்கினால், நடக்கிற தூரத்தில் சகாய் மரபுக் கைவினைக் காட்சியகம். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாகப் புகையிலை வந்தபோது இலை நறுக்கும் கத்தி செய்து பேர் வாங்கிய ஊர் இது. இன்றும் ஒரே ஆள் முழுக் கத்தியையும் செய்வதில்லை. ஒரு பட்டறையில் மெத்தென்ற இரும்பின்மேல் கடினமான எஃகை வைத்துக் காய்ச்சி அடிப்பார்கள். தீட்டுவது இன்னொரு பட்டறை. பிடி போடுவது வேறொருவர்.

நம்ம சமையலுக்கு எது? ஒருபக்கம் மட்டும் சாய்த்துத் தீட்டிய கத்திகள் பெரும்பாலும் அவர்களுடைய பச்சை மீன் வேலைக்கானவை, வலதுகைக்காரர்களுக்கென்று செய்யப்படுபவை. அவற்றை விட்டுவிடுங்கள். இருபக்கமும் தீட்டிய நகிரி வாங்குங்கள். நேரான அலகு, அகலமான தகடு. முட்டைக்கோஸ் பொரியலுக்கும், பீன்ஸுக்கும், வாழைத்தண்டுக்கும் அது போதும். மீனும் கோழிக்கறியும் வெட்டுகிற வீடென்றால் சாந்தோகு. இரண்டாலும் எலும்பு வெட்டாதீர்கள், தேங்காயை உடைக்காதீர்கள். எஃகு கடினம் என்பதால் வாய் சில்லு சில்லாகப் பெயர்ந்துவிடும். அதற்கு வீட்டில் பாராங் கத்தி இருக்கிறதே.

கார்பன் எஃகு கூர்மையில் உயர்ந்தது. ஆனால் புளியும் எலுமிச்சையும் பட்டால் கறுக்கும், துடைக்காமல் வைத்தால் ஒரே ராத்திரியில் துரு. அம்மா, சின்னம்மா, மருமகள் எல்லோரும் புழங்கும் அடுப்படிக்குத் துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள்.

கத்தியோடு 1000 எண் தீட்டுக்கல் ஒன்றையும் சேர்த்து வாங்கி, எப்படித் தீட்டுவது என்று கடையிலேயே காட்டச் சொல்லுங்கள். நான் வாங்கிய கடைப் பெரியவர் பொறுமையாகக் காட்டினார். கல்லைத் தண்ணீரில் நனைத்து, கத்தியின் முதுகுக்கு அடியில் இரண்டு பத்து யென் நாணயம் நுழையும் அளவுக்கு மட்டும் தூக்கி, மூன்று விரலால் அலகை அழுத்திக்கொண்டு முன்னும் பின்னும் தள்ளினார். கல்லின்மேல் சாம்பல் நிறச் சேறு கிளம்பியது. நான் தண்ணீர் ஊற்றிக் கழுவப் போனேன், கையைப் பிடித்துத் தடுத்தார். தீட்டுவதே அந்தச் சேறுதான். சற்று நேரத்தில் அலகின் மறுபக்கத்தில் என் விரலை வைத்துத் தடவச் சொன்னார். சொரசொரவென்று ஒரு பிசிறு. அந்தப் பிசிறு நுனியிலிருந்து அடிவரை முழு நீளத்துக்கும் தட்டுப்பட்ட பிறகுதான் கத்தியைத் திருப்ப வேண்டும். லயத்து வாசலில் சீவும் கத்தியைத் தீட்டும்போது அம்மாவும் கட்டைவிரலால் இதையேதான் தேடுவார்.

சகாய் போக நேரமில்லை என்றால் நம்பா பக்கத்தில் தோகுயாசுஜி என்ற பாத்திரக்கடைத் தெரு இருக்கிறது. டோக்கியோவில் அசகுசாவுக்கும் உவேனோவுக்கும் இடையே கப்பாபாஷி. பாத்திர வியாபாரியான எனக்கு அந்தத் தெருவை விட்டு வர மனசே இல்லை.

வாங்கிய கத்தியைப் பிரிக்காதீர்கள். 6 சென்டிமீட்டருக்கு மேல் அலகுள்ள கத்தியைக் காரணமில்லாமல் கையில் வைத்துக்கொண்டு நடமாடுவது அங்கே சட்டப்படி குற்றம். கடையில் கட்டிக் கொடுத்த பெட்டியோடு ஓட்டலுக்குக் கொண்டுபோய், சாமான் பெட்டிக்குள் வையுங்கள். விமானத்தில் கைப்பையில் எடுத்துப் போகவே முடியாது.

வேறு சில

காகிதம் பிடித்தவர்கள் ஃபுக்குய் மாநிலத்து எச்சிசென் போகலாம். 2024 மார்ச்சிலிருந்து எச்சிசென்-தாக்கேஃபு வரை ஷின்கான்சென் ஓடுகிறது. கோசோ மரப்பட்டை நாரைத் தண்ணீரில் கலந்து, சல்லடைச் சட்டத்தால் அள்ளி ஆட்டி ஒரு தாளை நீங்களே எடுக்கலாம். ஒரு மணி நேரம்கூட ஆகாது. நார் அடியில் தங்காமல் மிதக்க அதில் ஒரு வழவழப்பான சாறு சேர்க்கிறார்கள். அது வெண்டைக்காய்ச் செடியின் நெருங்கிய உறவான ஒரு செடியின் வேரிலிருந்து வருகிறது. கையை விட்டுப் பார்த்தவுடன் அம்மாக்களுக்குப் புரிந்துவிடும். அதே ஊரில் தாக்கேஃபு கத்திக் கிராமமும் இருக்கிறது.

டீச் சடங்குக்குச் சகாய் நல்ல இடம். அந்தக் கலையை வகுத்த சென் நோ ரிக்யூ பிறந்த ஊர். முட்டிவலி உள்ள பெரியவர்களோடு போகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து குடிக்கும் முறை இருக்கிறதா என்று கேட்டு முன்பதிவு செய்யுங்கள். இனிப்பை முதலில் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் டீ.

21ஆம் தேதி கியோட்டோவில் இருந்தால் காலையிலேயே தோஜி கோயிலுக்குப் போங்கள். மாதா மாதம் அன்றைக்குக் கோயில் வளாகம் முழுக்கச் சந்தை. பழைய உருஷிக் கிண்ணம், பழைய கிமோனோப் பட்டு எல்லாம் மலிவாகக் கிடைக்கும். விளிம்பில் சில்லு போயிருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். சந்தை முடிந்ததும் டிக்கெட் எடுத்துக்கொண்டு விரிவுரை மண்டபத்துக்குள் போங்கள். இருபத்தொரு சிலைகள் இருக்கும். அன்னங்களின்மேல் நான்முகனும் யானைமேல் இந்திரனும் உட்கார்ந்திருக்கிறார்கள். பெயர் பொன்தென், தாய்ஷாகுதென் என்று மாறியிருக்கிறது. என்னோடு வந்த பெரியம்மா அங்கேயே கும்பிட்டுவிட்டார்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காய்கறி சூப் என்று கொடுத்தாலும் அடிச்சாறு பெரும்பாலும் மீனில்தான் இருக்கும், நம்ம மாசிக் கருவாடு செய்கிற அதே இன மீன். கோயில்களில் கிடைக்கும் ஷோஜின் என்ற துறவிகளின் சைவச் சாப்பாடு பாதுகாப்பானது.

காசு விஷயம். சிப் உள்ள மலேசியக் கடப்பிதழுக்கு 90 நாள் வரை விசா வேண்டாம். வரி 10 சதவீதம். வரிவிலக்குக் கடையில் வரி நீங்கலாக 5,000 யென்னுக்குக் குறையாமல் வாங்கினால் அதைத் தவிர்க்கலாம். அசல் கடப்பிதழ் கையில் இருக்க வேண்டும். 2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது: கடையில் வரியோடு முழுக் காசையும் கட்டிவிட்டு, நாட்டை விட்டுக் கிளம்பும்போது சுங்கத்தில் உறுதிசெய்த பிறகு வரியைத் திரும்பப் பெற வேண்டும். அதனால் கத்தியும் கிண்ணமும் இருக்கும் பெட்டியை விமானத்தில் போடக் கொடுப்பதற்கு முன்பே சுங்க வேலையை முடித்துவிடுங்கள். சிறு பட்டறைகளில் இந்த வசதி இருக்காது, கார்டும் ஓடாமல் போகலாம். ரொக்கம் வைத்திருங்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரையும், ஆகஸ்டு நடுவிலும் பட்டறைகள் பல மூடியிருக்கும்.

கிண்ணத்தைச் சட்டைகளுக்கு நடுவே, உள்ளே ஒரு காலுறையைச் சுருட்டி வைத்து அடுக்குங்கள். கடைக்காரர் கொடுக்கும் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். நல்ல உருஷிக் கடைகள் வருஷங்கள் கழித்தும் தேய்ந்த கிண்ணத்தைத் திரும்பப் பூசிக் கொடுக்கும். கத்திக் கடைகள் தீட்டிக் கொடுக்கும். கோலாலம்பூரிலிருந்து தபாலில் அனுப்பினால் எடுத்துக்கொள்வீர்களா என்று வாங்கும்போதே கேட்டு, பதிலை அந்த அட்டையின் பின்னால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.